ஆக்லாந்திலிருந்து வல்லத்துக்கு இருபத்து நாலு மணி நேரம்

பணி அனுபவம் என்று எழுதுகிறவர்கள் தலை நரைத்தவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயசு. ஆனால் ஒன்பது வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்தில் அரசு இளநிலை உதவியாளராகச் சேர்ந்துவிட்டதால், அந்தத் தொழிலுக்கு நான் ரிட்டயர் ஆன ஆள்தான். திண்டிவனம் டிராவல்ஸ் கடையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் கேட்டார்கள். "அண்ணா, இப்பல்லாம் கஸ்டமரே ஃபோன்ல எத்தன மணி நேரம்னு பாத்துட்டு வந்து நமக்குச் சொல்றாங்க. நாங்க என்னதான் வேல பண்றது? நீங்க என்ன பண்ணீங்க?"

சந்தேகப்பட்டோம் என்று சொன்னேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பனமலைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பி.காம் முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தபோது திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடையில் ஆள் வேண்டும் என்று போர்டு வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் நான் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருந்தேன். சேர்ந்த ஆறு மாதத்தில் ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகள், எந்த நாட்டு மணி நமக்கு எவ்வளவு முன்னே பின்னே, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. மற்றதெல்லாம் கற்றது ரெஜினா மேடத்திடம்தான்.

மேடம் கடையின் முதலாளி. அதற்கு முன்னால் சென்னை ஏர்போர்ட்டில் ஒரு விமானக் கம்பெனி கவுண்டரில் பதினாலு வருஷம் நின்றவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். குரலை உயர்த்தமாட்டார். யாராவது எதையாவது உறுதியாகச் சொன்னால் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். கஸ்டமரிடமும் அதே கேள்விதான், கரண்ட் பில் கட்டச் சொல்லி வருபவரிடமும் அதே கேள்விதான்.

மற்ற டிராவல்ஸ் கடைகளில் சுவரில் துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று கடிகாரம் மாட்டியிருப்பார்கள். எங்கள் கடையிலும் முன்பு இருந்ததாம். மயிலத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கடைசி பஸ்ஸு போயிருக்குமே" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டாராம். மறுநாளே மேடம் மூன்றையும் கழற்றிவிட்டார். "பாக்கறவனுக்குப் புரியாத மணி, பொய் மணி."

டிக்கெட் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதியே ஆக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அங்கே கிளம்பும் மணி, நம் மணியில் அது என்ன, நம் மணியில் எப்போது இறங்கும், ஆக மொத்தம் வானத்தில் எத்தனை மணி நேரம். கம்ப்யூட்டர் அதையெல்லாம் தானாகவே காட்டும். ஆனாலும் கையால் போட வேண்டும். தூரத்தையும் போட வேண்டும். தூரத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தாவிட்டால் டிக்கெட்டை வெளியே விடக்கூடாது.

அந்த நாலு வரி எதற்கு என்று எனக்கு முதல் வருஷமே புரிந்தது. ஒரு அக்கா வந்து உறையைக் கவுண்டரில் வைத்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில் கட்டிட வேலை.

"தம்பி, இது நீங்க போட்ட டிக்கெட்டுதானே?"

"ஆமாங்கக்கா."

"போகும்போது ரெண்டரை மணி நேரம். வரும்போது அஞ்சரை மணி நேரம். அதே ஏரோபிளேனு, அதே வழி. நடுவுல மூணு மணி நேரம் இவரு எங்க எறங்கிப் போனாரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் என் காலை மிதித்தார். உறையைத் திருப்பி, இரண்டு பக்கமும் நம் ஊர் மணியிலேயே எழுதச் சொன்னார். போகவும் நாலு மணி நேரம், வரவும் நாலு மணி நேரம். அக்கா இரண்டு முறை கணக்குப் பார்த்தார். "அப்ப அந்த ஊர்ல மணி பின்னால ஓடுதா? சரி. ஆனா அவருகிட்ட இத நீங்க சொல்லாதீங்க. நான் இன்னும் ரெண்டு நாளு கேட்டுக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று சிரிக்கிற விஷயம் இல்லை. ஒருநாள் விழுப்புரத்திலிருந்து ஒரு ஏஜென்ட் ஆறு பேரோடு வந்தார். ஆறு பாஸ்போர்ட்டும் ரப்பர் பேண்ட் போட்டு அவர் கையில் இருந்தது. மலேசியாவில் ஹோட்டல் வேலையாம், ஆனால் டிக்கெட் பாங்காக்குக்கு வேண்டுமாம். "அங்கருந்து கம்பெனி வண்டி வரும் மேடம், ஜல்தியா போடுங்க" என்றார். மேடம் அவரை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, ஆறு பேரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். எல்லோரிடமும் ஒரே கேள்வி. எத்தனை மணி நேரம் பறக்கணும்னு சொன்னாங்க? ஒருவர் நாலு மணி நேரம் என்றார். ஒருவர் பத்து என்றார். மூன்றாவது ஆள், "ஒரு நாளு ஃபுல்லா போவணும்னாரு மேடம், கம்போடியாவோ என்னமோ" என்றார். மேடம் டிக்கெட் போடவில்லை. எந்த நாடு என்று மறைத்துக் கூட்டிப்போய் அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று ஆறு பேரிடமும் காரணத்தைச் சொன்னார். ஏஜென்ட் போகும்போது கத்திவிட்டுப் போனார். வேறு கடையில் போட்டு அனுப்பியிருப்பாரா என்று இன்றைக்கும் தெரியாது. நாலு பேர் அவர் பின்னாலேயே போனதை நான் கதவில் நின்று பார்த்தேன்.

இதனால் எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. எதையும் நம்பாமல் இருப்பதே பெரிய படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் ஏழுமலை அண்ணன் வந்தார்.

வியாழக்கிழமை, காலை பத்தரை இருக்கும். அண்ணன், தங்கை இரண்டு பேர். செஞ்சி ரோட்டில் வல்லத்துக்கு உள்ளே ஒரு கிராமம், சொந்த நிலம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள். முந்தின நாள் சாயந்திரம் அவர்களின் அம்மா இறந்துவிட்டார். அம்மா வீட்டில் ஐஸ் பெட்டியில் இருக்கிறார். கடைசிப் பையன் சேகர் நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார். "நான் வந்துடுவேன், அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்று ஒரு ஸ்கிரீன் ஷாட் அனுப்பியிருந்தார். தங்கை அஞ்சலை அதை என் நம்பருக்கு அனுப்பினார்.

ஏழுமலை அண்ணன் உட்காரவில்லை. "தம்பி, இதுல வெள்ளிக்கிழமை நடுச்சாமம் ஒரு மணிக்கு ஏறி, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மெட்ராஸ் வர்றேன்னு போட்டுக்கிறான். பதினாலு மணி நேரம். செஞ்சியில விசாரிச்சேன், அந்த ஊர்லேருந்து வர இருவது மணி நேரத்துக்குக் கொறையாதுன்றாங்க. பொய்யி சொல்றானா இல்லியா?"

"நேரத்துல பொய் இல்லண்ணே" என்றேன். உறையை எடுத்து நாலு வரி எழுதிக் காட்டினேன். ஆக்லாந்து மணி நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அங்கே வெள்ளி ஒரு மணி என்றால் இங்கே இன்றைக்கு வியாழன் சாயந்திரம் ஆறரை. அங்கிருந்து சிங்கப்பூர் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பத்தே முக்கால் மணி நேரம். அங்கே ஐந்து மணி முப்பத்தைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு சென்னைக்கு நாலு மணி நேரம். நாளை மத்தியானம் இரண்டு ஐம்பதுக்கு இறங்கும். மொத்தம் இருபது மணி இருபது நிமிஷம். அவர் செஞ்சியில் விசாரித்ததும் சரி, தம்பி அனுப்பியதும் சரி.

அஞ்சலை அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நாளைக்கே வந்துடுவானா சார்? நாளைக்கு விட்டா சனிக்கிழமை. எங்கூர்ல சனிக்கிழமை எடுக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருக்க முடியாது."

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழக்கம். ஸ்கிரீன் ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிக்கெட் என்றால் பதிமூன்று இலக்க நம்பர் ஒன்று இருக்கும். அது இல்லை. புக்கிங் நம்பரை விமானக் கம்பெனி சைட்டில் போட்டுப் பார்த்தேன். புக்கிங் இருந்தது, டிக்கெட் நம்பர் அங்கேயும் இல்லை. சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட் இன்னும் போடவில்லை. விசாவுக்காகவும், வீட்டாரை ஏமாற்றவும் இப்படிப் பிடித்து வைத்துவிட்டுக் கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, இது டிக்கெட் இல்லீங்க" என்றேன். "வெறும் புக்கிங். டிக்கெட்டு வாங்கல."

அதைச் சொல்லும்போது எனக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏழுமலை அண்ணன் தங்கையைப் பார்த்தார். "கேட்டியா? அப்பா சாவுக்கும் இதேதான். டிக்கெட்டு கெடைக்கல, டிக்கெட்டு கெடைக்கலன்னு மூணு நாளு ஃபோன்ல அழுதான். மூணு நாளு நான் பொணத்த வெச்சிக்கினு ரோட்டப் பாத்துக்கினு நின்னேன். ஊரே சிரிச்சிச்சி."

"அப்பவும் நெஜமாவே கெடைக்கலண்ணா" என்றார் அக்கா.

"இப்பவும் கெடைக்காது. வா. நாளைக்கு பன்னெண்டு மணிக்கு எடுக்கறோம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், வாங்குவானான்னு மட்டும் சொல்லுங்க."

"தெரியாதுங்கக்கா" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள்.

எங்கள் கடையில் ஒரு நோட்டு உண்டு. சந்தேகம் வந்த டிக்கெட்டை அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, கடை மூடும்போது ஒருமுறை, மறுபடியும் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். அது நம் கஸ்டமருக்கான விதி என்று நான் வைத்துக்கொண்டேன். இவர்கள் டிக்கெட் வாங்க வந்தவர்கள் இல்லையே. பெயரையும் புக்கிங் நம்பரையும் எழுதி, ஒருமுறை பார்த்ததற்கு ஒரு டிக் போட்டேன். திரும்பப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் மேடம் நோட்டைப் புரட்டினார்.

"வேலு, இது என்ன? ஒரு டிக் மார்க்குதான் இருக்கு."

"அது நம்ம டிக்கெட் இல்ல மேடம். சாவு வீட்டுக்காரங்க சும்மா விசாரிக்க வந்தாங்க. டிக்கெட்டே போடலன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"எப்பப் பாத்த?"

"பத்தரை, பத்தே முக்கால்."

"அப்ப அங்க சாயந்திரம் அஞ்சு மணி. ஃப்ளைட்டுக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு." கண்ணாடியை இறக்கினார். "அதுக்கப்புறம் அவரு வாங்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மேடமே புக்கிங் நம்பரைத் தட்டினார். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். பதிமூன்று இலக்கமும் இருந்தது. நேற்று நம் மணிக்குப் பன்னிரண்டு பத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் என் கடையை விட்டுப் போய் ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பண்ணையின் முதலாளியம்மாதான் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலையில் சீட்டைப் பிடித்து வைத்துவிட்டு, சாயந்திரப் பால் கறவை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு மீதியை முடித்திருக்கிறார். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சேகர் மாட்டு மடியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேடம் சென்னை ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் பழைய சிநேகிதி ஒருவருக்கு ஃபோன் போட்டார். சேகர் முதல் விமானத்தில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கிவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. இதற்கு மேல் கேட்காதீர்கள் என்று அந்த அம்மா வைத்துவிட்டார். மணி பத்தடிக்கப் பத்து நிமிஷம். சிங்கப்பூரிலிருந்து அடுத்த விமானம் பத்து ஐம்பதுக்கு. ஊரில் எடுப்பது பன்னிரண்டு மணிக்கு. அஞ்சலை அக்கா நம்பருக்குப் போட்டேன். இரண்டு முறையும் கட் செய்தார்கள்.

"வண்டிய எடு" என்றார் மேடம். "ஆனா, வந்துடுவாருன்னு சொல்லக்கூடாது. ரெண்டாவது ஃப்ளைட்டு ஏறிட்டாருன்னும் சொல்லக்கூடாது. முதல் ஃப்ளைட்ல ஏறி எறங்கிட்டாரு. அவ்வளவுதான் தெரியும். தெரிஞ்சத மட்டும் சொல்லு. நேத்து சந்தேகத்த பாதியில விட்டுட்ட, இன்னிக்கி நம்பிக்கைய பாதியில புடிச்சிக்காத."

செஞ்சி ரோட்டில் முக்கால் மணி நேரம். பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பூப் பல்லக்கு கட்டி முடிந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழி வெட்டிவிட்டு வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீ எதுக்கு இங்க?"

"அண்ணே, உங்க தம்பி டிக்கெட்டு போட்டுட்டாரு. நேத்து நீங்க போனதுக்கப்புறம் போட்டிருக்காரு. சிங்கப்பூரு வரைக்கும் வந்துட்டாரு."

"நேத்து இல்லன்ன. இன்னிக்கி இருக்குன்ற. உன் வாயில எது நெஜம்?"

"ரெண்டும் நெஜம்தாண்ணே. நேத்து நான் ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லிட்டேன். திரும்பிப் பாத்திருக்கணும். என் தப்பு."

"அஞ்சல ஆள் அனுப்பிச்சி வரவெச்சாளா உன்ன?"

உள்ளேயிருந்து அக்கா எழுந்து வந்தார். தலை அவிழ்ந்திருந்தது. "என் ஃபோனயே நேத்து கடைய வுட்டு எறங்கனதுமே புடுங்கி வெச்சிக்கினியேண்ணா, நான் எதுல அனுப்புவேன்?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்துதான் அந்த ஃபோன் வந்தது. பதினோரு மிஸ்டு கால் சேகரிடமிருந்து, இரண்டு என்னிடமிருந்து. சேகரின் கடைசிக் கால் பத்து பன்னிரண்டுக்கு. அண்ணன் அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

"பாத்தியா? ஆஃப் பண்ணிட்டான்."

"ஃப்ளைட்ல ஏறியிருந்தா ஆஃப் பண்ணித்தாண்ணே ஆவணும்."

"ஏறலன்னாலும் ஆஃப் பண்ணலாம்."

என் ஃபோனில் விமானங்கள் எங்கே போகின்றன என்று காட்டும் படத்தைத் திறந்தேன். பதினொன்று ஆக ஒரு நிமிஷம் இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் விமானம் நகர ஆரம்பித்தது. பங்காளிகள், மேளக்காரர்கள், குழி வெட்டியவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இதுவா? பூச்சி மாறி இருக்குது."

"நவுருதா பாரு, நவுரவே இல்லியே."

"கடலுடா அது. எம்மாந் தூரம் இருக்குது. நம்ம டவுன் பஸ்ஸா என்ன?"

ஏழுமலை அண்ணன் மட்டும் குனிந்து பார்க்கவில்லை. கூட்டத்துக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

"ஏரோபிளேனு வருது. சரி. அதுல அவன் இருக்கான்றதுக்கு என்ன சாட்சி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேளம் நின்றுவிட்டிருந்தது. வருவார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அஞ்சலை அக்கா கண்ணாலேயே கெஞ்சினார்.

"சாட்சி இல்லண்ணே" என்றேன்.

"வருவான்னு சொல்லு பாப்போம்."

"சொல்ல மாட்டேண்ணே. எனக்குத் தெரியாது. ரெண்டு ஐம்பதுக்கு இது மெட்ராஸ்ல எறங்கும். அதுல அவரு இருந்தா, வெளிய வர ஒரு மணி நேரம். இங்க வந்து சேர ரெண்டரை மணி நேரம். ஆறரை ஆயிடும். இல்லன்னா நான் உங்க முன்னாடிதான் நிப்பேன். என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

பெரியவர் ஒருவர், "பன்னெண்டுன்னு சொல்லி எல்லாரையும் வரவெச்சாச்சி ஏழுமல, பேஜாரு பண்ணாத" என்றார். அண்ணன் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அப்பா சாவுல இவன் வந்துடுவான், வந்துடுவான்னு எங்கிட்ட சொன்னவங்க இருவது பேரு இருப்பாங்க. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான்." பிறகு பந்தலைப் பார்த்துச் சொன்னார். "ஆறு மணி வரைக்கும் இருக்கலாம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும்."

நான் அங்கேயே இருந்தேன். யாரோ சோறு போட்டார்கள். படத்தில் அந்த மஞ்சள் விமானம் நிக்கோபாரைத் தாண்டியது. கடலின் நடுவில் கொஞ்ச நேரம் காணாமல் போனபோது ஒரு பெரியம்மா, "ஐயையோ, வுழுந்துட்டாங்களா?" என்று கத்தினார். சிக்னல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று அவரைச் சமாதானம் செய்யக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு ஐம்பத்தி நாலுக்கு விமானம் சென்னையில் நின்றது.

மூன்றே கால். மூன்றரை. சேகர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். மூன்றே முக்கால். வெளியூர்க்காரர்கள் சிலர் கிளம்பிவிட்டார்கள். போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ஏழுமலை அண்ணன் என் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கையின் ஃபோன் அவர் மடியில். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஃபோனையும் பார்க்கவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். அடித்து ஓய்ந்தது. அண்ணன் எடுக்கவில்லை. அக்கா ஓடிவந்தார். இரண்டாவது முறை அடித்தபோது அண்ணனே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "யாரு?" என்றார்.

"அண்ணே, நான்தாண்ணே. வந்துட்டேன். என் சிம்மு இங்க வேல செய்யல. டாக்சிக்காரரு ஃபோனுண்ணே. எடுத்துட்டீங்களாண்ணே?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"டாக்சிக்காரருகிட்ட குடு" என்றார் அண்ணன். டிரைவரிடம் வண்டி நம்பர் கேட்டார், எந்தக் கேட்டுக்கு வெளியே ஏற்றினார் என்று கேட்டார். திரும்பத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னார். "வெளிய பாரு. எதிர்ல என்ன போர்டு இருக்குது? படி."

"பல்லாவரம்னு போட்டுக்குதுண்ணே."

வைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து அவரே போட்டார். "என்ன போர்டு?" வண்டலூர். மறுபடியும் போட்டார். சிங்கப்பெருமாள் கோயில். வெள்ளிக்கிழமை சாயந்திரம், சென்னையிலிருந்து வெளியே வரும் வண்டியெல்லாம் அந்த ரோட்டில்தான். செங்கல்பட்டு தாண்டவே ஐந்தே கால் ஆகிவிட்டது. மதுராந்தகம் ஏரி போர்டை ஐந்து ஐம்பதுக்குத்தான் சேகர் படித்தார். அண்ணன் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் போலீஸ்காரர் மாதிரி கேட்டவர், மதுராந்தகத்தில், "தண்ணி இருக்குதாடா ஏரில?" என்று கேட்டார்.

"இருக்குதுண்ணே. நெறைய இருக்குது."

ஆறு மணி ஆனது. பெரியவர்கள் எழுந்தார்கள். "ஏழுமல, நீ சொன்ன மணி ஆச்சி. எடுத்துடலாம். மண்ணு போட அவன் வந்துடுவான்."

அண்ணன் மேற்கே பார்த்தார். வெயில் இன்னும் பனை மரத்தின் பாதியில் இருந்தது. "அது கீழ எறங்கட்டும்" என்றார். அவரை மீறி யாரும் பல்லக்கைத் தொடவில்லை.

ஆறேகாலுக்கு ஃபோனை என்னிடம் கொடுத்தார். "திண்டிவனம் பதினாறு கிலோமீட்டருன்றான். மேம்பாலத்துல செஞ்சி ரோட்ட வுட்டுட்டு நேரா விழுப்புரம் போயிடப் போறான் அந்த டிரைவரு. வழி சொல்லு." வண்டியில் இருந்தவர்களுக்கு நான் வழி சொன்னேன். எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பெட்ரோல் பங்கைத் தாண்டி, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெயில் மரத்தை விட்டு இறங்கியது. அண்ணன் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மேளக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டு அடிக்காமல் இருந்தார்கள்.

நன்றாக இருட்டவில்லை, முகம் தெரிகிற வெளிச்சம் இருந்தது. டாக்சி பந்தல் வரைக்கும் வந்து நின்றது. சேகர் இறங்கினார். குளிர் நாட்டு ஜாக்கெட், கசங்கிய முகம். அம்மாவைப் பார்க்க உள்ளே ஓடுவார் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றோம். அவர் ஓடவில்லை. நேராக அண்ணனிடம் போனார். ஜாக்கெட் பைக்குள் கையை விட்டு இரண்டு போர்டிங் பாஸை எடுத்து நீட்டினார். ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர் ஒன்று. சிங்கப்பூரிலிருந்து சென்னை ஒன்று. மடங்காமல் இருக்க அவற்றை பாஸ்போர்ட்டுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார்.

"பாருண்ணே" என்றார். "டைமு போட்டுக்குது பாரு. நான் எங்கியும் நிக்கலண்ணே."

பதினோராயிரம் கிலோமீட்டர் தூரமும் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஏழுமலை அண்ணன் அந்தச் சீட்டுகளைத் தொடவில்லை. தம்பியின் கையைப் பிடித்து, சீட்டோடு சேர்த்து ஜாக்கெட் பைக்குள்ளேயே திணித்தார்.

"அத உள்ள வைடா. தலமாட்டுப் பக்கம் நீ புடி."